லேப்ரோஸ்கோபி கிளைம் நிராகரிப்பு, அடுத்து ஐவிஎஃப்: இன்சூரன்ஸில் ஏதாவது வழி இருக்கிறதா?

கோவைத்தென்றல்:

எல்லோருக்கும் வணக்கம். நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படித்துப் பதில் சொல்லுங்கள்.

எனக்கு 33 வயது, கணவருக்கு 36. 2021-ல் குடும்பத்துக்கே சேர்த்து ஒரே தொகையில் வரும் ஃபேமிலி ஃப்ளோட்டர் பாலிசி எடுத்தோம், 10 லட்சம் கவர், பிரீமியம் ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. இரண்டு வருஷமாக எனக்கு மாதவிடாய் சமயத்தில் எழுந்து நிற்க முடியாத அளவுக்கு வயிற்றுவலி. ஸ்கேனில் இடது சினைப்பையில் 5 செ.மீ. சாக்லேட் சிஸ்ட் என்று வந்தது, எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்படலம் மாதிரியான திசு வெளியே வளரும் நோய்) என்றார்கள், லேப்ரோஸ்கோபி (சிறு துளை வழியாகச் செய்யும் ஆபரேஷன்) செய்து எடுத்தார்கள். கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகக் கட்டும் கேஷ்லெஸ்ஸை மறுத்துவிட்டார்கள். சரி, அப்புறம் ரீஇம்பர்ஸ்மென்ட்டில் வாங்கிக்கொள்ளலாம் என்று கையிலிருந்து 1,40,000 ரூபாய் கட்டினோம். போன வாரம் அதையும் நிராகரித்து மெயில் வந்துவிட்டது. "குழந்தையின்மை தொடர்பான சிகிச்சை, எக்ஸ்க்ளூஷன் 17-இன்படி ஏற்க இயலாது". அவ்வளவுதான், வேறு ஒரு வரி விளக்கம் இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பார்த்தால் டயக்னோசிஸில் முதல் வார்த்தையே "பிரைமரி இன்ஃபெர்டிலிட்டி", எண்டோமெட்ரியோசிஸ் அதற்குப் பின்னால்தான் வருகிறது.

இதற்கு நடுவில் ஏஎம்எச் (முட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) குறைவாக வந்திருக்கிறது, இனிமேல் தள்ளிப்போட வேண்டாம், ஐவிஎஃப் போய்விடுங்கள் என்கிறார் டாக்டர். ஊசியெல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்தைத் தாண்டும் என்று எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். ஒரு தடவையிலேயே கரு நின்றுவிடும் என்றும் யாராலும் சொல்ல முடியாது. நகையை வைத்தால் முதல் தடவைக்குப் பணம் வந்துவிடும், அதற்கு மேல் எங்களிடம் ஒன்றும் இல்லை.

சாக்லேட் சிஸ்ட் கிளைமை மறுபடி கேட்க முடியுமா? ஐவிஎஃப் செலவைக் கொடுக்கும் பாலிசி உண்மையிலேயே இருக்கிறதா, இப்போது எடுத்தால் உபயோகப்படுமா? 2021 சட்டத்தில் ஐவிஎஃப்புக்கு இன்சூரன்ஸ் கட்டாயம் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள், அது நிஜமா? கணவர் ஆபீஸில் குரூப் பாலிசி இருக்கிறது. ஆனால் இந்த விஷயத்தை எச்ஆரிடம் எப்படிப் போய்க் கேட்பது என்று அவர் தயங்குகிறார்.

மதுரை_டெஸ்க்:

சகோதரி, நான் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் இன்சூரன்ஸ் டெஸ்கில் வேலை பார்க்கிறேன். உங்களுக்கு வந்த அதே மெயிலை மாதம் தவறாமல் பார்க்கிறேன், அதனால் கிளைம் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எக்ஸ்க்ளூஷன் 17 என்பது உங்கள் கம்பெனி தானாக எழுதிக்கொண்டது இல்லை. எதையெல்லாம் பாலிசியில் சேர்க்காமல் விடலாம் என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019-ல் எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாக வாசகம் வகுத்துக் கொடுத்தது, அதில் 17-ஆவது இது. குழந்தையின்மை தொடர்பான செலவுகள் என்று ஆரம்பித்து, எந்த வகைக் கருத்தடையும், ஐவிஎஃப், இக்சி (முட்டைக்குள் விந்தணுவை ஊசியால் செலுத்துவது) போன்ற செயற்கைக் கருத்தரிப்பு முறைகளும், வாடகைத்தாய் ஏற்பாடும், கருத்தடை ஆபரேஷனை மாற்றியமைப்பதும் அதில் வரும். எண்டோமெட்ரியோசிஸ் அதில் எங்கேயும் இல்லை. அது தனியான நோய். பெரும்பாலான பாலிசிகளில் அது எக்ஸ்க்ளூஷன் 2-இல், அதாவது குறிப்பிட்ட நோய்களுக்கான இரண்டு வருஷக் காத்திருப்பில் வரும், உங்களுக்கு அந்தக் காலம் தாண்டியாயிற்று. இரண்டு வருஷம் காத்திருந்தால் தருகிறேன் என்று அவர்களே ஒரு நோயைப் பாலிசியில் எழுதி வைத்துவிட்டு, அந்த நோய் உள்ள பெண்ணுக்குக் குழந்தை இல்லை என்பதற்காக மட்டும் தரமாட்டேன் என்றால் அது நியாயமே கிடையாது. இதைத்தான் உங்கள் கடிதத்தில் முதலில் எழுத வேண்டும்.

நிராகரிப்பு எப்படி நடக்கிறது என்றால், டிபிஏவில் (கம்பெனிக்காக கிளைம்களைப் பார்க்கும் நிறுவனம்) உட்கார்ந்திருப்பவர் சம்மரியின் முதல் பக்கத்தைத்தான் பார்க்கிறார். கருத்தரிப்பு மையங்களில் எந்தப் பெண் அட்மிட் ஆனாலும் சம்மரியில் இன்ஃபெர்டிலிட்டி என்று முதலில் போடுவது பழக்கமாகிவிட்டது. டாக்டருக்கு அது ஒரு குறிப்பு, இன்சூரன்ஸ்காரருக்கு அதுவே போதுமான காரணம். இதற்காகச் சம்மரியை மாற்றி எழுதித் தரச் சொல்லிக் கேட்காதீர்கள். பழைய பிரதி ஏற்கெனவே அவர்களிடம் இருக்கிறது, தேதி மாறாமல் வாசகம் மட்டும் மாறிய இன்னொரு சம்மரி போனால் மோசடி என்று திருப்பிவிடுவார்கள், பாலிசியே போய்விடும்.

நீங்கள் கேட்க வேண்டியது டாக்டரிடமிருந்து தனியாக ஒரு விளக்கச் சான்று. எந்தத் தேதியில் என்ன வலியோடு முதலில் வந்தீர்கள், என்ன மாத்திரை கொடுத்துப் பார்த்தார், சிஸ்ட் எவ்வளவு பெரிதாக இருந்தது, எடுக்காமல் விட்டிருந்தால் என்ன ஆபத்து, இதெல்லாம் ஓபி சீட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். அதோடு பயாப்ஸி ரிப்போர்ட்டையும் கட்டாயம் வையுங்கள். வெளியே எடுத்த சிஸ்ட் எண்டோமெட்ரியோசிஸ்தான் என்று பேத்தாலஜி எழுதிக் கொடுத்ததற்கு மேல் சாட்சி தேவையில்லை. வலிக்காக நீங்கள் முதலில் பார்த்த டாக்டர் வேறு ஒருவர் என்றால் அந்தச் சீட்டும் வேண்டும். 2021-க்கு முன்னாலேயே இதற்குச் சிகிச்சை எடுத்திருந்தால் மட்டும் கதை வேறு, அப்போது முன்பே இருந்த நோய் என்ற கேள்வி வரும்.

இன்னொன்று. 2024 மே மாதம் வந்த ஐஆர்டிஏஐ சுற்றறிக்கைப்படி, கம்பெனிக்குள் இருக்கும் கிளைம் ரிவ்யூ கமிட்டியின் ஒப்புதல் இல்லாமல் ஒரு கிளைமை நிராகரிக்கக் கூடாது, எந்த விதியின்படி, என்ன காரணத்தால் என்பதையும் எழுத்தில் தர வேண்டும். அந்தக் கமிட்டி ஒப்புதல் உண்டா என்று மெயிலில் கேளுங்கள். போனில் பேசவே பேசாதீர்கள்.

ஓஎம்ஆர்_வாசுகி:

தென்றல், நான் உங்கள் கணவர் ஆபீஸ் பாலிசியைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்குப் பணம் வருவதற்கு அதிக வாய்ப்பு அங்கேதான் இருக்கிறது. நானும் ஐடியில்தான் இருக்கிறேன், என் முதல் ஐவிஎஃப்புக்குக் குரூப் பாலிசியில் ஒரு பகுதி வந்தது.

குரூப் பாலிசியில் கம்பெனி கூடுதல் பிரீமியம் கட்டினால் எக்ஸ்க்ளூஷன் 17-ஐ எடுத்துவிட முடியும். நிறைய ஐடி கம்பெனிகள் எடுத்திருக்கின்றன. ஆனால் அங்கே வேலை செய்பவர்களுக்கே அது தெரிவதில்லை, போர்ட்டலில் இருக்கும் இரண்டு பக்க பிரசுரத்தில் அது வராது. முழு பாலிசி வாசகத்தைக் கேட்டு வாங்குங்கள். எச்ஆரிடம் போகவே வேண்டாம். உங்கள் கணவரின் இ-கார்டில் டிபிஏ ஹெல்ப்டெஸ்க் மெயில் இருக்கும், புரோக்கர் மெயிலும் பெரும்பாலும் இருக்கும். இன்ஃபெர்டிலிட்டி சிகிச்சைக்கு கவர் உண்டா, உச்சவரம்பு எவ்வளவு, ஓபி செலவு சேருமா என்று அவர்களிடம் கேட்டால் போதும். பெயரைச் சொல்லிக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை, அவர்களுக்கு இது தினமும் வரும் மெயில்.

படிக்கும்போது ஒரு இடத்தை மட்டும் தவறவிடாதீர்கள். அந்த வரம்பு தனியா, இல்லை மகப்பேறு வரம்புக்கு உள்ளேயா என்று பாருங்கள். என் பாலிசியில் உள்ளே இருந்தது. ஐவிஎஃப்புக்கு எடுத்தது போக மிச்சம்தான் பிரசவத்துக்கு என்று அர்த்தம். அது தெரிந்திருந்தால்தான் எதற்கு எடுப்பது, எதற்கு விடுவது என்று நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து முடிவு செய்ய முடியும்.

அப்புறம் பில். ஐவிஎஃப்பில் பெரிய செலவு ஊசிதான். பத்துப் பன்னிரண்டு நாள் போடும் ஹார்மோன் ஊசிகளை வெளி மெடிக்கலில் வாங்குவோம், ஸ்கேனுக்கு வந்து போவோம், இதெல்லாம் ஓபி. முட்டை எடுக்கும் அன்று மட்டும் மயக்க மருந்து கொடுப்பதால் அது டேகேர், அதாவது ஒரே நாளில் முடியும் அட்மிஷன். நிறைய பாலிசிகள் டேகேரைத்தான் ஒத்துக்கொள்ளும், முன் முப்பது நாள் மருந்துச் செலவைச் சேர்க்குமா என்பது வாசகத்தைப் பொறுத்தது. அதனால் மையத்தில் "பேக்கேஜ்" என்று ஒரே தொகையாக பில் வாங்காதீர்கள். முட்டை எடுத்தது, லேப், கரு வைத்தது, மயக்க மருந்து, மருந்துகள் என்று பிரித்துத் தரச் சொல்லுங்கள். ஊசி பில் ஒவ்வொன்றுக்கும் டாக்டர் சீட்டும் வேண்டும். மையத்தின் ஏஆர்டி (செயற்கைக் கருத்தரிப்பு) பதிவு எண்ணையும் கேட்பார்கள். லெவல் 1 பதிவு உள்ள இடத்தில் ஐயூஐ (விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்துவது) மட்டும்தான் செய்யலாம், ஐவிஎஃப் செய்ய லெவல் 2 வேண்டும். இதைப் பணத்துக்காக மட்டும் சொல்லவில்லை, உங்கள் உடம்புக்காகவும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம் இப்போதே தோன்றியது. அந்த லேப்ரோஸ்கோபி பில்லைக் கணவரின் குரூப் பாலிசியில் போட்டீர்களா? அங்கே எக்ஸ்க்ளூஷன் 17 எடுக்கப்பட்டிருந்தால் சண்டையே வேண்டாம், நேராக அங்கே போடலாம். டிஸ்சார்ஜ் ஆகி இத்தனை நாளுக்குள் என்று ஒரு கெடு இருக்கும். தாமதத்துக்குக் காரணமாக முதல் கம்பெனியின் நிராகரிப்பு மெயிலை வையுங்கள், நியாயமான காரணம் இருக்கும்போது தாமதத்தை மட்டும் சொல்லித் தள்ளக் கூடாது. ஒரிஜினல் பில்கள் அங்கே மாட்டிக்கொண்டிருந்தால் திருப்பிக் கேளுங்கள், இல்லையென்றால் சான்றளித்த நகல் வாங்குங்கள்.

தஞ்சை_முகவர்:

நான் இன்சூரன்ஸ் முகவர், அதனால் பாலிசி விற்க வந்திருக்கிறேன் என்று நினைக்க வேண்டாம் அம்மா. ஐவிஎஃப்புக்காகப் புதுப் பாலிசி எடுக்காதீர்கள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

செயற்கைக் கருத்தரிப்புக்கு கவர் தரும் தனிநபர் பாலிசிகள் இப்போது வந்திருக்கின்றன, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு வருஷம், மூன்று வருஷம் காத்திருப்பு, அதற்கு மேல் ஒரு உள்வரம்பு. ஏஎம்எச் குறைவாக உள்ள உங்களுக்கு அந்த இரண்டு வருஷம்தான் விலை அதிகம். இருக்கிற பாலிசியை போர்ட் செய்தால், அதாவது வேறு கம்பெனிக்கு மாற்றினால், பழைய வருஷங்கள் கணக்கில் வரும் என்று யாராவது சொல்வார்கள். பழைய பாலிசியில் இருந்த கவருக்குத்தான் அந்த வருஷக் கணக்கு. அங்கே இல்லாத ஐவிஎஃப் கவருக்குக் காத்திருப்பு புதிதாகத்தான் ஆரம்பிக்கும். ஐந்து வருஷம் முடிந்தால் எதையும் மறுக்க முடியாது என்பதும் அரைகுறைப் பேச்சு. 60 மாதம் தாண்டினால் எதையோ மறைத்தாய் என்று சொல்லி மறுக்க முடியாது, அதுவும் மோசடி இல்லாத பட்சத்தில். எக்ஸ்க்ளூஷன் 17 அறுபது மாதத்துக்குப் பிறகும் அப்படியேதான் இருக்கும்.

சட்டம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2021 ஏஆர்டி சட்டம், 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் இன்சூரன்ஸ் வருவது முட்டை தானம் தரும் பெண்ணுக்கு. அவருக்கு ஏற்படக்கூடிய சிக்கலுக்காகத் தம்பதி 12 மாதத்துக்கு இன்சூரன்ஸ் எடுத்துத் தர வேண்டும். வாடகைத்தாய்க்கு அதற்கான தனிச் சட்டத்தில் 36 மாதம். சிகிச்சை எடுக்கும் தம்பதிக்குக் கம்பெனி பணம் தர வேண்டும் என்று எங்கேயும் கிடையாது. வீடியோ போட்டவர் இதைத்தான் குழப்பியிருப்பார்.

இப்போது நான் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். எல்லோரும் ஐவிஎஃப் செலவைப் பற்றியே பேசுகிறோம், அந்தத் தொகை எவ்வளவு என்று முன்கூட்டியே தெரியும், கஷ்டப்பட்டாவது புரட்டிவிடலாம். தெரியாத செலவு அதற்குப் பிறகுதான் வரும். இரண்டு கரு வைத்து இரட்டைக் குழந்தையாகி, எட்டாவது மாதத்திலேயே பிறந்து, என்ஐசியுவில் (பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) வாரக்கணக்கில் வைக்க நேர்ந்தால் அந்த பில் ஐவிஎஃப்பை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும். அதைத் தாங்க உங்களிடம் எது இருக்கிறது என்று இப்போதே பாருங்கள். கணவரின் குரூப் பாலிசியில் குழந்தை பிறந்த முதல் நாளிலிருந்தே கவர் உண்டா, முழுத் தொகைக்கா அல்லது மகப்பேறு வரம்புக்குள்ளா, பிறந்து எத்தனை நாளுக்குள் பெயர் சேர்க்க வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். உங்கள் ஃப்ளோட்டரில் 91-ஆவது நாளிலிருந்துதான் குழந்தையைச் சேர்ப்பார்கள் என்று இருந்தால், ஆபத்தான அந்த முதல் மூன்று மாதத்துக்கு அது உதவாது. ஒரு கரு மட்டும் வைக்கலாமா என்று டாக்டரிடமும் பேசிப் பாருங்கள், அவர்தான் சொல்ல முடியும்.

கரு குழாயிலேயே தங்கிவிட்டால், எக்டோபிக் என்பார்களே, அது மகப்பேறு விலக்கில் வராது என்று 18-ஆவது வாசகத்திலேயே எழுதியிருக்கிறது. ஐவிஎஃப்பில் வந்த கரு என்று சொல்லி அதை மறுத்தால் அந்த வரியைக் காட்டுங்கள்.

ஆவடிக்காரன்:

கேட்டவருக்கு நேரடியாகப் பொருந்தாது, ஆனால் படிக்கும் மத்திய அரசு ஊழியர் யாருக்காவது உதவும். மத்திய அரசு ஊழியர்களுக்கான மருத்துவத் திட்டமான சிஜிஎச்எஸ்ஸில் ஐவிஎஃப்புக்குப் பணம் உண்டு, 2011 நவம்பர் உத்தரவு. ஒரு சுழற்சிக்கு 65,000 ரூபாய் வரை, மூன்று சுழற்சி வரை, வாழ்நாளில் ஒரே முறை தரும் சலுகை. மனைவிக்கு 21 முதல் 39 வயதுக்குள் இருக்க வேண்டும், குழந்தை இருக்கக் கூடாது, சாதாரணச் சிகிச்சை பலிக்கவில்லை என்பதற்கு ஆதாரம் வேண்டும், அரசு மருத்துவமனை மகப்பேறு துறைத் தலைவரின் பரிந்துரையோடு முன் அனுமதி வாங்க வேண்டும். சிகிச்சை முடித்துவிட்டு பில்லோடு போனால் அலைய விடுவார்கள். 65,000 இன்றைய விலைக்குப் போதவே போதாது, அதை உயர்த்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

பணம் ரொம்ப நெருக்கடி என்றால் எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் 2024-ல் தொடங்கிய கருத்தரிப்பு மையத்தையும் ஒரு முறை போய் விசாரியுங்கள் தங்கச்சி. கோவையிலிருந்து வந்து போவது சிரமம்தான், ஆனால் நகையை வைப்பதற்கு முன் கேட்டுப் பார்க்கலாம்.

கோவைத்தென்றல்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இதைப் பற்றிப் பேச எங்களுக்கு வெளியே ஆள் இல்லை, மாமியார் வீட்டில் ஆபரேஷன் நடந்ததே பாதிப் பேருக்குத் தெரியாது.

வாசுகி அக்கா, டிபிஏவுக்கு இவர் மெயில் போட்டார், முழு வாசகத்தை அனுப்பிவிட்டார்கள். இன்ஃபெர்டிலிட்டிக்கு 75,000 வரை உண்டு, நீங்கள் சொன்ன மாதிரியே மகப்பேறு வரம்புக்கு உள்ளேதான். குழந்தைக்கு முதல் நாளிலிருந்தே கவர், முழுத் தொகைக்கும். முகவர் ஐயா சொல்லாவிட்டால் அதைத் தேடியே பார்த்திருக்க மாட்டோம். அதனால் 75,000-ஐ ஐவிஎஃப்புக்கு எடுத்துக்கொண்டு பிரசவத்தைக் கையிலிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறோம்.

டாக்டர் சான்று தர ஒத்துக்கொண்டார், முதலில் பார்த்த டாக்டரின் சீட்டில் "கடும் வயிற்றுவலி" என்று தேதியோடு இருக்கிறது. மதுரை அண்ணா, இதையெல்லாம் அனுப்பியும் கம்பெனி அசையவில்லை என்றால் நேராக கன்ஸ்யூமர் கோர்ட்டா?

மதுரை_டெஸ்க்:

முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்புங்கள், பாலிசியின் கடைசிப் பக்கங்களில் அவர் மெயில் இருக்கும். கூடவே பீமா பரோசா என்ற ஐஆர்டிஏஐயின் புகார் தளத்திலும் பதிவு செய்துவிடுங்கள், அங்கே போட்டால் ஐஆர்டிஏஐ பார்வையிலும் இருக்கும். ஒரு மாதத்தில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன், அதாவது இன்சூரன்ஸ் புகார்களைத் தீர்க்கும் நடுவர். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சென்னை அலுவலகம். கட்டணம் இல்லை, வக்கீல் கூடாது, நீங்களே பேச வேண்டும். 50 லட்சம் வரை உள்ள வழக்குகளை எடுப்பார்கள், உங்களுடையது அதில் தாராளமாக அடங்கும். கம்பெனி கடைசியாக மறுத்த தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும்.

கோர்ட்டை இப்போது தொடாதீர்கள். அங்கே வழக்கு நிலுவையில் இருந்தால் ஆம்புட்ஸ்மேன் உங்கள் மனுவை எடுக்கமாட்டார். அவர் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. பிடிக்கவில்லை என்றால் அப்புறம் கன்ஸ்யூமர் கமிஷனுக்குப் போகலாம், உங்கள் தொகைக்கு அங்கேயும் மனுக் கட்டணம் வராது.

மனுவை இரண்டு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். வலி ஆரம்பித்த தேதி, சிஸ்ட் அளவு, பயாப்ஸி முடிவு, எக்ஸ்க்ளூஷன் 2-இல் எண்டோமெட்ரியோசிஸ் இருக்கும் பக்க எண், இந்த நான்கும் முதல் பக்கத்திலேயே வரட்டும். குரூப் பாலிசியிலிருந்து லேப்ரோஸ்கோபிக்கு ஏதாவது வந்தால் அதையும் சொல்லிவிட்டு மிச்சத்தை மட்டும் கேளுங்கள். ஐவிஎஃப் பேப்பர் எதையும் இந்தக் கோப்பில் சேர்க்க வேண்டாம். அது வேறு சிகிச்சை, வேறு கிளைம்.